செய்தி வீடு வந்து சேரும் வழி

சிலாங்கூர் மாநிலத்தில் போர்ட் கிள்ளானுக்குத் தெற்கே, லங்காட் ஆறு கடலோடு கலக்கும் பகுதியில் அமைந்திருக்கிறது கேரித் தீவு. தெலுக் பங்ளிமா காராங் பக்கமிருந்து பாலத்தைக் கடந்து உள்ளே சென்றால், சாலையின் இருபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை செம்பனை மரங்கள் வரிசையாக நிற்கும். தாழ்வான நிலம் இது. கடல் பெருகும்போது நீர் உட்புகாதபடி கரை எழுப்பி, வாய்க்கால் வெட்டித்தான் இங்கே பயிரிட முடிந்தது. தீவுக்குப் பெயர் தந்தவர் எட்வர்ட் வேலண்டைன் கேரி என்னும் ஆங்கிலேயத் தோட்ட முதலாளி. கரை எழுப்பவும் காடு திருத்தவும் உழைத்தவர்களில் பெரும் பங்கினர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள்.

அவர்களின் வழிவந்தோர் இன்றும் இத்தீவில் வாழ்கின்றனர். அவர்களுக்கு முன்பிருந்தே இங்கு வாழ்பவர்கள் மா மெரி என்னும் பழங்குடி மக்கள். மரச்சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற இவர்கள் சுங்கை பும்புன் போன்ற கிராமங்களில் வசிக்கின்றனர். இவர்களின் தாய்மொழி மலாயும் அன்று, தமிழும் அன்று. அண்மைக் காலத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் தோட்ட வேலைக்கு வந்துள்ளனர். ஆக, ஒரு சிறு தீவுக்குள் பல மொழிகள் ஒலிக்கின்றன. புத்ராஜெயாவில் சுகாதார அமைச்சு ஓர் அறிவிப்பை வெளியிட்டால், அது இத்தனை மொழிகளையும் கடந்து ஒவ்வொரு வீட்டின் அடுப்பங்கரைவரை வந்து சேர வேண்டும்.

அது எளிதான செயலா? ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். பத்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு மூன்று நாளாகக் கடுமையான காய்ச்சல். இரத்தப் பரிசோதனையில் டிங்கி என்று தெரிந்தது. நான்காம் நாள் காலையில் உடம்பு தொட்டால் சுடவில்லை. காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டில் அனைவருக்கும் நிம்மதி. பாட்டி கோயிலில் விளக்கேற்றிவிட்டு வருகிறார். தாய் வேலைக்குக் கிளம்புகிறார். சிறுவன் மட்டும் வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்திருக்கிறான்.

டிங்கியைப் பொறுத்தவரை இதுதான் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய நேரம். நோய் தொடங்கிய மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் தணியும்போது, சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர்மம் கசியத் தொடங்கும். இரத்த அழுத்தம் திடீரென்று இறங்கும். கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் அல்லது மூக்கில் இரத்தம், கைகால் சில்லிடுதல், அளவுக்கு மீறிய சோர்வு ஆகியவை அபாய அறிகுறிகள். இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் நோயாளியை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

அந்த வீட்டில் டிங்கியைப் பற்றிக் கேள்விப்படாதவர் எவரும் இல்லை. வானொலியில் கேட்டிருக்கிறார்கள், பள்ளிச் சுவரில் ஒட்டிய சுவரொட்டியைப் பார்த்திருக்கிறார்கள். ‘டிங்கி ஆபத்தானது, தண்ணீர் தேங்க விடாதீர்’ என்ற செய்தி அவர்களிடம் எப்போதோ வந்து சேர்ந்துவிட்டது. ‘காய்ச்சல் விட்ட பிறகும் கவனி’ என்ற செய்திதான் வந்து சேரவில்லை. உயிரைக் காப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது செய்திதான். முதற்செய்தி வந்த வழியில் இதுவும் ஏன் வரவில்லை என்பதை அறிய, தோட்டப்புறங்களுக்குச் சுகாதாரத் தகவல் வந்த கதையைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

1901-ஆம் ஆண்டு மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பணியேற்றார். அதே ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்றைய போர்ட் கிள்ளான்தான் அது. திறந்த சில வாரங்களிலேயே மலேரியா காய்ச்சல் துறைமுகத் தொழிலாளர்களை வரிசையாகச் சாய்த்தது. மலேரியாவைப் பரப்புவது கொசு என்று ரொனால்ட் ரோஸ் இந்தியாவில் கண்டறிந்து அப்போது நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. வாட்சன் அந்தப் புதிய அறிவை நம்பினார். சதுப்பு நிலத்தை வடித்து, புதரை வெட்டி, கொசு முட்டையிடும் இடங்களை ஒழிக்கச் செய்தார். கிள்ளான், போர்ட் சுவெட்டன்ஹாம் பகுதிகளில் 1901-இல் 368 பேர் காய்ச்சலால் இறந்தனர். 1902-இல் அந்த எண்ணிக்கை 59 ஆகக் குறைந்தது. பின்னர் அவர் கரையோரத் தோட்டங்களின் பக்கம் கவனத்தைத் திருப்பினார்.

இம்முயற்சிகள் பல்லாயிரம் உயிர்களைக் காத்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த அறிவில் தொழிலாளருக்குக் கிடைத்த பங்கு மிகக் குறைவு. விடியற்காலையில் தொழிலாளர்கள் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்பார்கள். கங்காணி ஆள் எண்ணுவார். கொய்னா மருந்து கொடுக்கப்படும். கசந்தாலும் விழுங்கியாக வேண்டும். ஏன் குடிக்க வேண்டும், காய்ச்சல் எங்கிருந்து வருகிறது, வீட்டில் இருக்கும் குழந்தைக்கு என்ன செய்வது என்றெல்லாம் விளக்கப்பட்டதாகச் சொல்வதற்கில்லை. துரையிடமிருந்து கிராணிக்கும், கிராணியிடமிருந்து கங்காணிக்கும், கங்காணியிடமிருந்து தொழிலாளிக்கும் இறங்கிய கட்டளையாகவே மருத்துவம் வந்தது. கட்டளைக்குக் கீழ்ப்படியலாம், கட்டளையைக் கேள்வி கேட்க முடியாது. கண்காணிப்பவர் இல்லாத நேரத்தில் கசப்பு மருந்தைத் துப்பிவிடுவது அதனால்தான் எளிதாக இருந்தது.

தோட்டத்தில் மருத்துவத்துக்கு ஒரு முகம் கிடைத்தது ‘டிரெஸ்ஸர்’ வழியாகத்தான். தோட்ட மருந்தகத்தில் காயத்துக்குக் கட்டுப்போடுவது, காய்ச்சலுக்கு மருந்து கலக்கித் தருவது, பெரிய நோய் என்றால் மருத்துவமனைக்கு அனுப்பி வைப்பது எல்லாம் இவர் வேலை. மருத்துவர் எப்போதாவது வந்து போவார். டிரெஸ்ஸர் தோட்டத்திலேயே குடியிருப்பார். லயத்து வீடுகளில் எந்தக் குழந்தைக்கு இழுப்பு, எந்தப் பெண் நிறைமாதம், எவர் குடித்துவிட்டு மருந்தை மறக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பலர் தமிழ் பேசினர். சுதந்திரத்துக்குப் பின் இவர்களை முறைப்படுத்த 1965-ஆம் ஆண்டு தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. எல்லா டிரெஸ்ஸர்களும் அன்பானவர்கள் என்று கூறிவிட முடியாது. அவரும் நிர்வாகத்தின் ஊழியரே. ‘உனக்கு ஒன்றுமில்லை, வேலைக்குப் போ’ என்று அனுப்பிவிடும் அதிகாரமும் அவரிடம் இருந்தது. ஆனால் திருப்பிக் கேட்பதற்கு ஒருவர் பக்கத்திலேயே இருந்தார். பெரட்டுக்களத்தில் அது கிடைக்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செய்தி வேறு வழிகளிலும் வரத் தொடங்கியது. 1946-இல் மலாயா திரைப்படப் பிரிவு தொடங்கப்பட்டது. தகவல் இலாகாவின் வண்டிகள் தோட்டங்களுக்கு வந்து, திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டின. பெரியவர்கள் பாயோடு வந்து இடம் பிடித்தார்கள். பிள்ளைகள் திரைக்குப் பின்னால் இருந்தும் பார்த்தார்கள். அவசரகாலத்தில் பொதுவில் கேட்பதற்காக வானொலிப் பெட்டிகள் தோட்டங்களில் வைக்கப்பட்டன. அரசாங்கத்துக்கு இதில் அரசியல் நோக்கம் பெரிது. ஆனாலும் அதே அலைவரிசையில் தூய்மை, தடுப்பூசி, குழந்தை வளர்ப்பு ஆகியவையும் தமிழில் ஒலித்தன. 1924-இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ போன்ற நாளிதழ்களை எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்பது வழக்கமாக இருந்தது. படித்தவர் புரியாத இடத்தை விளக்கவும் செய்தார். இதழ் அச்சிட்ட செய்தியை ஊருக்கு ஏற்றபடி எடுத்துச் சொன்ன அந்த மனிதரும் ஒருவகைச் சுகாதார ஊழியர்தாம். சம்பளம் மட்டும் இல்லை.

இதே காலத்தில் கிராமப்புறங்களில் இன்னொரு மாற்றம் நிகழ்ந்தது. 1950-களில் அரசாங்கம் கிராமச் சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கியது. கெடாவில் உள்ள ஜித்ராவில் அதற்கான பயிற்சி நிலையம் அமைக்கப்பட்டது. ‘கிளினிக் டேசா’ எனப்படும் சிறு மருந்தகங்கள் எழுந்தன. அங்கே பணியாற்றிய சமூகத் தாதியர் நோயாளி வரும்வரை காத்திருக்கவில்லை. மிதிவண்டியிலும் படகிலும் சென்று, கர்ப்பிணிகளையும் பிறந்த குழந்தைகளையும் வீட்டிலேயே பார்த்தனர்.

அத்தாதியர் சென்ற பல கிராமங்களில் அவர்களுக்கு முன்பே ஒரு மருத்துவச்சி இருந்தார். தலைமுறை தலைமுறையாகப் பிரசவம் பார்த்தவர். ஊரின் நம்பிக்கை முழுவதும் அவர் பக்கம். ‘அவரிடம் போகாதீர்கள்’ என்று தாதி சொல்லியிருந்தால் கதவு அடைபட்டிருக்கும். மலேசியா அந்தத் தவற்றைச் செய்யவில்லை. கிராம மருத்துவச்சிகளைப் பதிவு செய்து, தூய்மையான முறைகளைக் கற்பித்து, ஆபத்தான பிரசவத்தை அடையாளம் கண்டு தாதியிடம் அனுப்பப் பழக்கியது. தாய்க்கு உறவும் சடங்கும் தந்தவர் மருத்துவச்சி. சிகிச்சை தந்தவர் தாதி. பிரசவத்தில் தாய்மார் இறப்பது நம் நாட்டில் பெரிதும் குறைந்ததற்கு இந்தக் கூட்டும் ஒரு காரணம் என்று பொதுச் சுகாதார ஆய்வாளர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகின்றனர்.

தோட்டங்கள் மட்டும் இந்த வலைக்குச் சற்று வெளியே நின்றன. அவை தனியார் நிலம். அங்குள்ளோரின் உடல்நலம் முதலாளியின் பொறுப்பு என்று கருதப்பட்டது. தோட்ட மருத்துவமனைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, மக்கள் அரசாங்க மருந்தகங்களை நாடத் தொடங்கிய பின்பே அந்த இடைவெளி குறைந்தது. இன்று கேரித் தீவு மக்கள் பெரிய சிகிச்சைக்குப் பந்திங் மருத்துவமனைக்கோ கிள்ளானில் உள்ள தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கோ செல்கின்றனர். முன்பு கூப்பிடு தூரத்தில் இருந்த டிரெஸ்ஸர் இப்போது இல்லை. அவருக்கு ஈடாகத் தகவல் தருபவர் யார் என்பதே இன்றைய கேள்வி.

மீண்டும் டிங்கிக்கு வரலாம். 2019-ஆம் ஆண்டு மலேசியாவில் 130,101 பேருக்கு டிங்கி கண்டது. 182 பேர் இறந்தனர். சிலாங்கூர் மாநிலமே மிகுதியாகப் பாதிக்கப்பட்டது. ஊடகங்கள் ஓயாமல் எச்சரித்தன. ஒரு செய்தியை ஒரே நாளில் பல இலட்சம் பேருக்குக் கொண்டு செல்ல வானொலியாலும் தொலைக்காட்சியாலும் முடியும். எந்தத் தாதியாலும் அது முடியாது. ஆனால் ஊடகச் செய்தி சுருக்கமாக இருந்தாக வேண்டும். சுருங்கும்போது சில உண்மைகள் உதிர்ந்துவிடுகின்றன.

புகையடிப்பை எடுத்துக்கொள்ளலாம். குடியிருப்பில் ஒருவருக்கு டிங்கி என்றால் சுகாதார ஊழியர்கள் வந்து புகையடிப்பார்கள். வெண்புகை சூழ்ந்ததும் கொசு ஒழிந்தது என்று மக்கள் மனம் ஆறுகிறது. தொலைக்காட்சியில் காட்டப்படுவதும் அந்தக் காட்சிதான். உண்மையில் அந்தப் புகை அப்போது பறந்துகொண்டிருக்கும் கொசுக்களை மட்டுமே கொல்லும். தேங்காய்ச் சிரட்டையிலும் பழைய டயரிலும் பூச்சட்டித் தட்டிலும் நெளியும் புழுக்களை அது ஒன்றும் செய்யாது. ஏடிஸ் கொசுவின் முட்டை, நீர் வற்றிய பின்னும் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு பல மாதங்கள் உயிரோடு இருக்கும். மறுபடி மழை பெய்தால் பொரித்துவிடும். ஆகவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இதைச் சுவரொட்டியில் எழுதுவது கடினம். வீட்டுக்கு வந்த ஊழியர் கைவிளக்கை எடுத்து, குளியலறைத் தொட்டிக்குள் ஒளி பாய்ச்சி, துள்ளும் புழுக்களை வீட்டுக்காரருக்கே காட்டினால் அது ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். தம் வீட்டுத் தொட்டியிலேயே புழுவைக் கண்டவர் அதன்பின் சும்மா இருக்கமாட்டார்.

2001-இல் ஜோகூர் பாருவில் நடந்த முயற்சி இதையே பெரிய அளவில் செய்து பார்த்தது. நடத்தை மாற்றத்துக்கான தொடர்பு என்ற முறையை உலகச் சுகாதார நிறுவனத்தின் துணையோடு சுகாதார அமைச்சு அங்கே கையாண்டது. ‘டிங்கியை ஒழிப்போம்’ என்று பொதுவாகச் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் அரைமணி நேரம் வீட்டையும் சுற்றுப்புறத்தையும் சோதியுங்கள் என்று குறிப்பாகக் கேட்டது. ஊடகம் அந்த ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொன்னது. குடியிருப்புவாசிகளைக் கொண்டே தொண்டர் குழுக்கள் அமைக்கப்பட்டு, அக்கம்பக்கத்து வீடுகளுக்குச் சென்றன. எதை, எப்போது, எவ்வளவு நேரம் செய்வது என்பது தெளிவாக இருந்ததால் மக்களால் அதைச் செய்ய முடிந்தது. ‘கோம்பி’ என்ற பெயரில் இந்த முறை பின்னர் நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவியது.

அரசாங்கம் தரும் தகவலே சில வேளைகளில் பிழையாக அமைந்துவிடுவதும் உண்டு. 1998-இன் இறுதியில் பேராக் மாநிலத்தில் பன்றிப் பண்ணையாளர்களிடையே ஒரு மூளைக்காய்ச்சல் தோன்றியது. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் கருதப்பட்டது. புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் நோய்வாய்ப்பட்டார்கள். நோய் நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. 1999 மார்ச் மாதம் மலாயாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் சுவா கா பிங் ஒரு புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயரால் அது நிப்பா வைரஸ் எனப்பட்டது. அது பன்றிகளிடமிருந்து மனிதர்களுக்குத் தொற்றியது என்று தெரிந்ததும், பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. அதற்குள் 100-க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தனர்.

அன்று பண்ணைகளில் வேலை செய்தவர்கள் தங்கள் கண்ணால் கண்டதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பன்றிகள் இருமிச் சாகின்றன. அவற்றைக் கையாள்பவர்களே நோயுறுகிறார்கள். கொசு எல்லாரையும்தானே கடிக்கிறது? மேலிருந்து கீழே தகவல் இறங்கும் வழி போலவே, கீழிருந்து மேலே ஏறும் வழியும் திறந்திருக்க வேண்டும் என்பதற்கு நிப்பாவைவிடத் தெளிவான சான்று நம் நாட்டு வரலாற்றில் அரிது.

இருபது ஆண்டுகள் கழித்து வந்தது கோவிட்-19. 2020 மார்ச் 18-ஆம் நாள் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அந்நாட்களில் சுகாதாரத் தலைமை இயக்குநர் டாக்டர் நூர் ஹிஷாம் அப்துல்லா நாள்தோறும் தொலைக்காட்சியில் தோன்றி, புதிய தொற்றுகளையும் இறப்புகளையும் நிதானமான குரலில் எடுத்துரைத்தார். அருகில் ஒருவர் சைகைமொழியில் பெயர்த்தார். மின்னல் பண்பலை, ராகா, தமிழ்த் தொலைக்காட்சிச் செய்திகள், நாளிதழ்கள் வழியாக அவை தமிழில் வீடுகளை அடைந்தன. நாள்தோறும் ஒரே முகம், ஒரே நேரம், கூட்டிக் குறைக்காத எண்கள். மக்கள் அவரை நம்பியதற்கு இதுவே காரணம்.

ஆனால் அதே திறன்பேசியில் புலனம் வழியாக வேறு செய்திகளும் வந்து குவிந்தன. உப்புநீரில் வாய் கொப்பளித்தால் கிருமி சாகும், தடுப்பூசிக்குள் நுண்சில்லு வைத்திருக்கிறார்கள் என்று உலகெங்கும் வதந்திகள் உலவின. உலகச் சுகாதார நிறுவனம் இதைத் தகவல் பெருந்தொற்று என்றே அழைத்தது. மலேசியாவில் பொய்ச் செய்திகளைச் சரிபார்க்க ‘செபெனார்ஞா’ என்ற அகப்பக்கம் 2017-லேயே தொடங்கப்பட்டிருந்தது. அதைத் தேடிச் சென்று படிப்பவர் எத்தனை பேர்? வதந்தியை அனுப்பியவர் பெரும்பாலும் பகைவர் அல்லர். அத்தையாகவோ சித்தப்பாவாகவோ இருப்பார். உறவினர் அனுப்பிய பொய்க்கு முன் அந்நியர் கூறும் உண்மை எடுபடுவதில்லை.

தடுப்பூசிக்கு மைசெஜாத்தெரா செயலியில் பதிவு செய்ய வேண்டியிருந்தபோது, தோட்டப்புறங்களில் பல முதியோரிடம் திறன்பேசி இல்லை. இருந்தவர்களுக்கும் பயன்படுத்தத் தெரியவில்லை. பேரப்பிள்ளைகள் பதிவு செய்து கொடுத்தனர். தாதியர் நடமாடும் குழுக்களாக உட்பகுதிகளுக்கும் பழங்குடிக் கிராமங்களுக்கும் சென்றனர். 2021 இறுதிக்குள் நாட்டின் பெரியவர்களில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் தடுப்பூசி போட்டு முடித்திருந்தனர். பாட்டியின் அடையாள அட்டை எண்ணைத் தட்டச்சு செய்த மாணவர்களுக்கும் அந்த எண்ணிக்கையில் பங்குண்டு.

கொள்ளைநோய்க் காலத்தில் தகவலுக்கு வேகம் தேவை. நெடுநாள் நோய்களுக்குத் தேவைப்படுவது பொறுமை. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. பெரியவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் சுகாதாரத் தகவலைப் புரிந்து பயன்படுத்தும் ஆற்றலில் பின்தங்கியிருப்பதாகவும் அதே ஆய்வு காட்டியது. ‘இனிப்புநீர்’ என்று தோட்டத்தார் கூறும் இந்நோய் பல ஆண்டுகள் வலியே இல்லாமல் இருந்துவிட்டு, கண்ணிலும் சிறுநீரகத்திலும் காலிலும் கைவைக்கும். ‘சீனியைக் குறையுங்கள்’ என்ற செய்தியைக் கேட்டுத் தேநீரில் சீனியை நிறுத்திவிட்டு, கெட்டிப்பாலைத் தாராளமாக ஊற்றிக்கொள்பவர் பலர். பெயரில் சீனி இல்லாததால் அது சீனியாகத் தோன்றுவதில்லை. அவர் தேநீர் கலக்கும் வேளையில் பக்கத்தில் இருப்பவரால்தான் இதைத் திருத்த முடியும்.

தமிழ்நாடு இதற்காகவே வீடுதேடிச் செல்லும் முறையை மேற்கொண்டது. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் நீரிழிவு, இரத்த அழுத்த நோயாளிகளின் வீட்டுக்கே சென்று பரிசோதித்து மாத்திரைகளைத் தருகின்றனர். அத்தன்னார்வலர்கள் பெரும்பாலும் அதே வட்டாரத்துப் பெண்கள். மலேசியாவிலும் ‘கோஸ்பென்’ என்ற திட்டத்தின்கீழ் குடியிருப்புவாசிகளே தொண்டர்களாகப் பயிற்சி பெற்று, அக்கம்பக்கத்தாரின் எடையையும் இரத்த அழுத்தத்தையும் சோதிக்கின்றனர்.

பயிற்சி பெற்ற தாதியர் ஒரு எளிய உத்தியைக் கையாள்வர். விளக்கி முடித்ததும் ‘புரிந்ததா?’ என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் மரியாதைக்காகவாவது எல்லாரும் தலையசைப்பர். அதற்கு மாறாக, ‘நான் சொன்னதை நீங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேட்பர். வானொலியால் கேட்க முடியாத கேள்வி இது.

அந்தச் சிறுவனின் வீட்டுக்கு நான்காம் நாள் காலையில் அப்படி ஒரு தாதி வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? தோட்டத்தார் வழக்கப்படி ‘மிஸ்ஸி, வாங்க’ என்று பாட்டி அழைத்து, பேரனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று மகிழ்ச்சியோடு சொல்லியிருப்பார். தாதி சிறுவனின் கையைத் தொட்டுப் பார்த்திருப்பார்.

“காய்ச்சல் விட்டதும் என்ன செய்வீங்க, பாட்டி?”

“என்ன செய்யறது? கஞ்சி குடுத்துப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டியதுதான்.”

“இன்னும் இரண்டு நாளைக்குத்தான் ரொம்பக் கவனமா இருக்கணும், பாட்டி. வயிறு வலிக்குதுன்னு சொல்றானே, கை வேற சில்லுன்னு இருக்கு. இப்பவே மருத்துவமனைக்குக் கிளம்புங்க. இப்ப நான் என்ன சொன்னேன்னு அவங்க அம்மாகிட்ட ஃபோன் போட்டுச் சொல்லுங்க, பார்ப்போம்.”

பாட்டி கைப்பேசியை எடுத்து, மகளிடம் தம் சொந்தச் சொற்களில் அதைச் சொல்லியிருப்பார். பந்திங்குக்குக் கார் புறப்படும் நேரத்தில், வேலியோரம் நின்று விசாரித்த பக்கத்து வீட்டுப் பெண்ணிடமும் சொல்லியிருப்பார்: “காய்ச்சல் விட்டாத்தான் பார்த்துக்கணுமாம்.”